டெல்டா வீட்டில் பாம்புப் பெட்டி: சூட்டை வைப்பதும் அளப்பதும்

போன வைகாசியில் பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து, வீட்டில் பாம்பு வளர்க்கும் ஒரு தம்பி போன் செய்தார். "அண்ணே, பாம்பு மூணு வாரமா இரை எடுக்கல. தண்ணிக் கிண்ணத்துலயே கிடக்கு. குளிருது போல. ஹீட் மேட்டைக் கொஞ்சம் கூட்டி வைக்கட்டுமா?"

ஹீட் மேட் என்பது பெட்டிக்கு அடியில் வைக்கும், மின்சாரத்தில் சூடாகும் மெல்லிய விரிப்பு. வைகாசி மாதம், மாடி அறை, மேலே வெறும் கான்கிரீட் தளம். "தம்பி, முதல்ல பிளக்கைப் பிடுங்குங்க, மத்ததை அப்புறம் பேசலாம்" என்றேன். பெட்டியின் பக்கச் சுவரில் ஒட்டியிருந்த வட்டமான முள் வெப்பமானி 30 டிகிரி என்று காட்டிக்கொண்டிருந்ததாம். மறுநாள் மாலை நேரில் போய் அளந்தேன். மேட் அணைந்து ஒரு நாள் ஆகியும் அறையே 36 இருந்தது. பாம்புக்குக் குளிரவில்லை. ஒதுங்க இடமில்லாமல் தண்ணீரில் கிடந்தது.

இந்தக் குழப்பம் அந்தத் தம்பிக்கு மட்டும் உரியதல்ல. பாம்பு வளர்ப்பு பற்றிக் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் குளிர்நாட்டு வீடுகளுக்காக எழுதப்பட்டவை. அங்கே அறை 18, 20 டிகிரியில் இருக்கும். சூட்டைக் கூட்டுவதுதான் வேலை. தஞ்சாவூரிலும் திருவாரூரிலும் மன்னார்குடியிலும் வருடத்தில் பல மாதம் அறையே பாம்புக்குப் போதுமான சூட்டில் இருக்கிறது. சித்திரை, வைகாசியில் அதையும் தாண்டிவிடுகிறது. அதனால் நம் ஊரில் அளப்பதுதான் முதல் வேலை. சூடு சேர்ப்பது அதற்குப் பிறகு, தேவைப்பட்டால் மட்டும்.

இங்கே சொல்லும் டிகிரிகள் எல்லாம் செல்சியஸ். எல்லாம் பால் பைத்தானுக்கானவை. பால் என்பது இங்கே பந்து. பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்து போலச் சுருண்டுகொள்ளும், மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சிறிய மலைப்பாம்பு அது. அங்கே பகலெல்லாம் கறையான் புற்றுக்குள்ளும் எலி வளைக்குள்ளும் படுத்திருக்கும். கார்ன் ஸ்நேக் வளர்ப்பவர்கள் ஒவ்வொரு அளவிலும் ஏறக்குறைய இரண்டு டிகிரி குறைத்துக்கொள்ளலாம்.

சட்டத்தைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. வயலில் பிடித்த சாரையையோ தண்ணீர்ப் பாம்பையோ நல்ல பாம்பையோ வீட்டில் வைத்திருக்க 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் இடமில்லை. அவை வயலிலேயே இருக்கட்டும். எலியைத் தின்று நெல்லைக் காப்பவை அவை. பால் பைத்தான் சர்வதேச வணிக ஒப்பந்தமான சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2022இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, 2024இல் வந்த விதிகளின்படி இத்தகைய உயிரினங்களைப் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். வாங்கும்போதே ஆவணங்களைக் கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

எத்தனை டிகிரி, எந்த இடத்தில்

பாம்பு தன் உடலுக்குள் சூட்டை உண்டாக்கிக்கொள்ளாது. சூடு வேண்டுமென்றால் சூடான இடத்துக்கு நகரும், போதுமென்றால் விலகும். அதனால் பெட்டிக்கு ஒரே ஒரு டிகிரி என்று எதுவும் கிடையாது. ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். சூடான முனையில் பாம்பு படுக்கும் தரை 31 முதல் 33 வரை. குளிர்ந்த முனை 24 முதல் 27 வரை. இரவில் எல்லாம் இரண்டு மூன்று டிகிரி இறங்கினால் பரவாயில்லை, ஆனால் 22க்குக் கீழே போகக் கூடாது. வெளிநாட்டுக் குறிப்புகளில் வரும் 90 ஃபாரன்ஹீட் என்பது நம் கணக்கில் 32தான்.

சூடு குறைந்தால் விழுங்கிய எலி செரிக்காமல் வெளியே வரும், நுரையீரல் தொற்று வரும். சூடு மிஞ்சினால் நிலைமை இன்னும் மோசம். குளிரில் பாம்பு நாள்கணக்கில் தாங்கும்; 35ஐத் தாண்டிய பெட்டியில் ஒதுங்க இடமில்லாமல் மாட்டிக்கொண்டால், சூடு ஏற ஏற நரம்பு மண்டலம் பாதிக்கப்பட்டுச் சில மணி நேரத்திலேயே செத்துப்போகலாம். சந்தேகம் வந்தால் குறைவான பக்கமே நில்லுங்கள்.

இரு முனைக்கும் வித்தியாசம் உண்டாக வேண்டுமென்றால் பெட்டிக்கு நீளம் வேண்டும். வளர்ந்த பாம்புக்கு 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம் வைத்துக்கொள்ளுங்கள். சிறிய மீன் தொட்டியில், குறித்த டிகிரி வந்ததும் சூட்டைத் தானாக நிறுத்தும் தெர்மோஸ்டாட் எவ்வளவு நல்லதாகப் போட்டாலும் மொத்தமும் ஒரே சூடாகிவிடும். உள்ளூர் தச்சரிடம் பிளைவுட்டில் உள்ளே சன்மைக்கா ஒட்டிச் செய்தால் கண்ணாடியைவிட நிதானமாகச் சூட்டைப் பிடித்து வைக்கும். காற்றுத் துளைகளை மட்டும் எதிரெதிர்ப் பக்கங்களில் போடச் சொல்லுங்கள்.

ஒரே மாதிரியான இரண்டு மறைவிடங்கள் வேண்டும், ஒன்று சூட்டில், ஒன்று குளிரில். ஒன்றுதான் இருந்தால் பாம்பு சூட்டைப் பார்க்காது, மறைவைத்தான் தேர்ந்தெடுக்கும். வெந்தாலும் உள்ளேயே கிடக்கும். குயவரிடம் வாங்கிய மண் சட்டியைக் கவிழ்த்து, விளிம்பில் பாம்பு நுழையும் அளவுக்கு வெட்டி, வெட்டிய இடத்தை உப்புத் தாளால் தேய்த்து வைத்தால் போதும். கடையில் விற்கும் பிளாஸ்டிக் குகையைவிட இது எனக்குப் பிடிக்கும்.

முதலில் அறையை அளங்கள்

பாம்பு வருவதற்கு முன்பே, பெட்டி வைக்கப்போகும் இடத்தில் குறைந்த அளவையும் அதிக அளவையும் நினைவில் வைக்கும் டிஜிட்டல் வெப்பமானி ஒன்றை ஒரு வாரம் வையுங்கள். தரையிலிருந்து பெட்டி எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில். காலை 6, மதியம் 2, இரவு 8, இரவு 11 என நான்கு வேளை ஒரு நோட்டில் எழுதுங்கள்.

எட்டு மணிக் கணக்கைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். மேலே ஓடு பதிக்காத கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்து, சூரியன் மறைந்த பிறகுதான் அதை அறைக்குள் இறக்கும். எங்கள் வீட்டு மாடி அறையில் மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு 34.5, இரவு எட்டு மணிக்கு 35.8. கீழ்க் கூடத்தில் அதே நாள் 32ஐத் தாண்டவில்லை. அந்த நோட்டைப் பார்த்த பிறகுதான் பெட்டியைக் கீழே இறக்கினேன். பழைய நாட்டு ஓட்டு வீடு இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஓட்டு இடுக்கில் சூடு வெளியேறி இரவில் சீக்கிரம் ஆறிவிடும். தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் போட்ட அறை பாம்புக்கு வேண்டவே வேண்டாம்.

பெட்டியை மேற்குச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள், ஜன்னல் வெயில் விழும் இடத்திலும் வைக்காதீர்கள். கண்ணாடிப் பெட்டியில் பத்து நிமிட நேரடி வெயில்கூட ஆபத்து.

அளக்கும் கருவியை நம்பலாமா

இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான தவறு இங்கேதான் நடக்கிறது.

சுவரில் ஒட்டும் முள் வெப்பமானியைத் தூக்கிப் போடுங்கள். அது தவறாகக் காட்டும் என்பது ஒரு பக்கம்; சரியாகவே காட்டினாலும் அது சொல்வது சுவரின் அந்த உயரத்துக் காற்றைப் பற்றி. பாம்பு கிடப்பது தரையில். வாங்க வேண்டியவை இரண்டு: வயர் முனையில் சென்சார் இருக்கும் டிஜிட்டல் வெப்பமானி இரண்டும், இன்ஃப்ராரெட் கன் ஒன்றும். வயர் வெப்பமானி ஒரே இடத்தை நாள் முழுக்கக் கவனிக்கும். கன் பல இடங்களின் மேற்பரப்பை ஒரு நொடியில் சொல்லும். இரண்டும் செய்யும் வேலை வேறு வேறு, ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்றாகாது.

வாங்கியதும் சோதித்துவிடுங்கள். ஒரு பிளாஸ்கில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரைக் கொண்டு அது 35, 36 இருக்குமாறு கலந்துகொள்ளுங்கள். வயர் சென்சார்களை எல்லாம் ஒன்றாகக் கட்டி அதே தண்ணீரில் இறக்கி, கலக்கிவிட்டு, ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். சென்சார் தண்ணீர் புகாத உலோக முனை உள்ளதாக இருக்க வேண்டும்; இல்லையென்றால் மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போட்டுக் காற்றைப் பிழிந்துவிட்டு இறக்குங்கள். காய்ச்சல் தெர்மாமீட்டர் பத்தில் ஒரு டிகிரி வரை சரியாகச் சொல்லக்கூடியது, அதனால் அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். ஒரு சென்சார் 1.2 அதிகம் காட்டினால், "−1.2" என்று ஒரு துண்டு டேப்பில் எழுதி அதன் மேலேயே ஒட்டிவிடுங்கள். நொறுக்கிய ஐஸில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி 0 டிகிரி பார்ப்பதும் நல்ல சோதனைதான், ஆனால் நமக்கு வேண்டியது 30, 35 பக்கம் சரியாக இருப்பது.

இன்ஃப்ராரெட் கன்னில் மூன்று தவறுகள் நடக்கும். கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே பிடித்த கன் வீட்டில் கிடக்கிறதே என்று அதை எடுத்துக்கொள்வது முதலாவது. அது நெற்றிச் சூட்டை உடல் சூடாகக் கூட்டிக் கணக்கிட்டுச் சொல்லும். அதில் மேற்பரப்பு என்று தனியாக ஒரு நிலை இருந்தால் அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அது நமக்கு உதவாது. இரண்டாவது, பெட்டியின் கண்ணாடிக்கு வெளியே நின்று உள்ளே குறி பார்ப்பது. அகச்சிவப்புக் கதிர் அந்தக் கண்ணாடியைக் கடக்காது; நீங்கள் அளப்பது கண்ணாடியின் சூட்டைத்தான். கதவைத் திறந்து அளங்கள். மூன்றாவது, தூரம். கன்னில் 12:1 என்று போட்டிருந்தால், 12 செ.மீ. தூரத்தில் அது 1 செ.மீ. வட்டத்தை அளக்கிறது, 60 செ.மீ. தூரத்தில் 5 செ.மீ. வட்டத்தை. சிவப்புப் புள்ளி குறிகாட்டி மட்டுமே. பளபளக்கும் அலுமினியத் தாளின் மேல் அளந்தால் தவறாகக் காட்டும்; அங்கே ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன் மேல் அளந்தால் சரியாக வரும்.

சூடு தரும் பொருள்

டெல்டா வீட்டுக்கு ஹீட் மேட் பெரும்பாலும் போதும். பெட்டித் தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அது பரவக் கூடாது. மேட் அடியில் இருந்தால் அந்தப் பகுதியில் மேலே பரப்பும் தேங்காய் நார்த் தூள் ஒன்றிரண்டு செ.மீ. போதும். தடிமனாகப் போட்டால் சூடு மேலே வராமல் அடியிலேயே தேங்கும். கண்ணாடி விரிசல் விடுவதும் உண்டு. பெட்டிக்கு நான்கு மூலையிலும் ரப்பர் புஷ் வைத்து அடியில் காற்று போக இடம் விடுங்கள். பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் நார்த் தூள் தாராளமாகக் கிடைக்கிறது. உப்புப் போக இரண்டு மூன்று முறை அலசிக் காயவைத்த பிறகு பயன்படுத்துங்கள்.

மார்கழி, தை இரவுகளில் வெளியே 21, 22 வரை இறங்கும்போது, அறைக்குள்ளும் 23 வந்து குளிர்ந்த முனை எல்லைக்கு அருகில் போனால் மட்டும் காற்றைச் சூடாக்க, வெளிச்சம் இல்லாமல் சூடு மட்டும் தரும் ஒரு செராமிக் பல்ப். அதன் மேற்பரப்பு கைபட்டால் வெந்துவிடும் அளவுக்குக் கொதிக்கும். பீங்கான் ஹோல்டர்தான் வேண்டும், பிளாஸ்டிக் உருகிவிடும். பாம்பு தொடாதபடி சுற்றிலும் கம்பி வலைக் கூடு கட்டாயம். சூடாகும் கல் என்று விற்பதை வாங்கவே வேண்டாம். ஓரிடத்தில் மட்டும் கொதிக்கும் தரையிலிருந்து பாம்பு உடனே விலகிவிடும் என்று நம்ப முடியாது. வயிறு வெந்த பிறகும் அங்கேயே கிடக்கும்.

தெர்மோஸ்டாட்டும் அதன் சென்சாரும்

மேட்டை நேராக பிளக்கில் செருகுவது கூடாது. அது தானாக நிற்காது. இன்னொரு விஷயம், நம் மின்சாரத்தின் ஏற்ற இறக்கம். மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பத்தான் மேட்டின் சக்தி கூடிக் குறையும். 230 வோல்ட்டில் 14 வாட் தரும் மேட், மாலையில் 180க்கு இறங்கினால் எட்டரை வாட்தான் தரும். நள்ளிரவில் 250க்கு ஏறினால் பதினாறரை வாட். பம்புசெட் ஓடும் கிராமத்துக் கம்பத்தில் இந்த ஆட்டம் தினமும் நடக்கும். தெர்மோஸ்டாட் இருந்தால் இது ஒரு பொருட்டல்ல.

நாட்டுக் கோழி முட்டைக்கு இன்குபேட்டர் செய்பவர்களிடம் எஸ்.டி.சி. 1000 என்ற கட்டுப்படுத்தி சாதாரணமாகக் கிடைக்கும். நமக்கும் அதுவே போதும். எஃப் 1 என்பது வேண்டிய டிகிரி, எஃப் 2 எத்தனை டிகிரி வித்தியாசத்தில் மறுபடி ஓட வேண்டும் என்பது, எஃப் 4 சென்சாரின் பிழையைத் திருத்துவது. எஃப் 2ஐ 0.5இல் வையுங்கள். 230 வோல்ட் வேலை என்பதால் வயரிங்கை எலக்ட்ரீஷியன் கையால் பெட்டிக்குள் மூடிப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதன் சென்சாரை எங்கே வைப்பது? இதில் நான் ஒருமுறை தவறு செய்து என் பாம்பு அதை அனுபவித்தது. பெட்டிக்குள்ளேயே, சூடான சட்டிக்கு அடியில் வைத்திருந்தேன். இரவில் பாம்பு வயரைத் தள்ளித் தள்ளிச் சென்சாரைத் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் விட்டுவிட்டது. தண்ணீர் 27 டிகிரி. "இன்னும் சூடாகவில்லை" என்று தெர்மோஸ்டாட் விடிய விடிய மேட்டை ஓட்டியது. காலையில் தரை 44. அடிவயிற்றுச் செதில்கள் பழுப்பாகி, அது ஆற இரண்டு முறை சட்டை உரிக்க வேண்டியிருந்தது.

இப்போது சென்சாரைப் பெட்டிக்கு வெளியே, மேட்டுக்கும் பெட்டியின் அடித்தளத்துக்கும் நடுவில் வைத்து, சூடு தாங்கும் டேப்பால் மூன்று இடத்தில் ஒட்டிவிடுகிறேன். பாம்பின் கைங்கரியம் அங்கே எட்டாது. ஆனால் அங்கே இருக்கும் டிகிரி உள்ளே இருக்கும் டிகிரி அல்ல. அடித்தளத்தைக் கடந்து வருவதால் உள்ளே சில டிகிரி குறையும். அதனால் தெர்மோஸ்டாட்டில் தெரியும் எண்ணுக்கு மரியாதை கொடுக்காதீர்கள். உள்ளே தரையில் இருக்கும் வயர் வெப்பமானி என்ன சொல்கிறதோ அதுதான் பேச்சு. முடிந்தால் இரண்டாவது தெர்மோஸ்டாட் ஒன்றை அதே வயரில் தொடராகப் போட்டு, முதலாவதைவிட மூன்று டிகிரி அதிகமாக வையுங்கள். முதலாவதின் ரிலே, அதாவது உள்ளே இருக்கும் சுவிட்ச், ஒட்டிக்கொண்டு நிற்காமல் போனாலும் இரண்டாவது துண்டித்துவிடும்.

பாம்பில்லாமல் ஒரு வாரம்

எல்லாம் பொருத்திய பிறகு, தெர்மோஸ்டாட்டை 33இல் வைத்து ஆரம்பியுங்கள். உள்ளே சூடான சட்டிக்கு அடியில் ஒரு சென்சார், குளிர்ந்த சட்டிக்கு அடியில் ஒன்று. நான்கு மணி நேரம் விட்டுவிட்டுப் பாருங்கள். சூடான தரை 30தான் வருகிறதென்றால் ஒரு டிகிரி கூட்டி மறுபடி நான்கு மணி நேரம். அவசரப்பட்டு ஒரே தடவையில் மூன்று டிகிரி ஏற்ற வேண்டாம். 32 வந்ததும் தெர்மோஸ்டாட்டில் என்ன எண் இருக்கிறதென்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். என் பெட்டியில் அது 36.

பிறகு கன்னால் ஐந்து இடம்: இரண்டு சட்டிகளின் உட்தரை, நடுப்பகுதி, தண்ணீர்க் கிண்ணம், மேட்டின் நடுவுக்கு நேர் மேலே உள்ள புள்ளி. கடைசி இடத்தில் நார்த் தூளைக் கையால் விலக்கிவிட்டு வெறும் தளத்தை அளங்கள், ஏனென்றால் பாம்பும் தோண்டிக்கொண்டு அங்கேதான் போகும். எங்கேயும் 34ஐத் தாண்டக் கூடாது. ஈரப்பதத்தையும் கூடவே பார்த்துவிடுங்கள்: 55 முதல் 70 சதவீதம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அறையே 85ஐத் தொடும்போது தண்ணீர்க் கிண்ணத்தைக் குளிர்ந்த முனைக்கு மாற்றினால் போதும். ஆடிக் காற்று வறண்டு வீசும் மதியங்களில் சட்டியின் வெளிப்புறத்தை நனைத்து வையுங்கள்.

ஏழு நாளும் சரியாக இருந்தால் பாம்பை விடலாம். அதற்குப் பிறகு பாம்பே ஒரு வெப்பமானி. இரவும் பகலும் சூடான சட்டியைவிட்டு நகராவிட்டால் மறுமுனை அதிகமாகக் குளிர்கிறது. தண்ணீரிலேயே கிடந்தால் பெரும்பாலும் சூடு. உண்ணி இருந்தாலும் அப்படிச் செய்யும் என்பதால் செதில் இடுக்குகளையும் பாருங்கள். வாயைத் திறந்து மூச்சுவிட்டாலோ சீழ்க்கை போலச் சத்தம் வந்தாலோ டிகிரியைத் திருகிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஊர்வன பார்ப்பவர் யார் என்று இப்போதே விசாரித்து எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கத்திரி வெயிலில்

தெர்மோஸ்டாட் மேட்டை நிறுத்தும், ஆனால் அறையைக் குளிர்விக்காது. அறை 31ஐத் தாண்டும் நாள் வந்ததும் நான் மேட்டின் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறேன். அப்போது கவலை முழுக்கக் குளிர்ந்த முனையைப் பற்றித்தான்.

மின்விசிறியை நம்பாதீர்கள். நமக்கு வியர்வை காய்வதால் குளிர்கிறது, பாம்புக்கு வியர்வை கிடையாது. 35 டிகிரிக் காற்றை அடித்தால் பெட்டியும் 35தான். பெட்டியை வீட்டிலேயே குளிர்ந்த அறைக்கு, முடிந்தால் தரை மட்டத்துக்கு இறக்குங்கள். சிவப்பு சிமெண்ட் தரை மாடியைவிட எவ்வளவோ மேல். உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி, குளிர்ந்த முனையின் வெளிச் சுவரில் சாய்த்து வையுங்கள், உள்ளே வேண்டாம். ஈர மண் சட்டி திருச்சிப் பக்கத்து வறண்ட மதியத்தில் நன்றாகக் குளிரும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடல் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் அவ்வளவு உதவாது. எஸ்.டி.சி. 1000இல் குளிரூட்டலுக்கென்று ஒரு தனி ரிலே இருக்கிறது. அதில் ஒரு சிறிய பஸ்ஸரை இணைத்து, சென்சாரைக் குளிர்ந்த முனையில் வைத்து, 32ஐத் தாண்டினால் ஒலிக்கும்படி இன்னொரு கட்டுப்படுத்தியை வைத்திருக்கிறேன். போன கத்திரியில் இரண்டு முறை அதுதான் என்னை எழுப்பியது.

கரன்ட் போனால்

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையைக் கடந்த பிறகு டெல்டாவின் பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படி ஒரு நிலை மறுபடி வந்தாலும் பயப்பட வேண்டாம். நவம்பரில் நம் அறைகள் 24, 25இல் இருக்கும். ஆரோக்கியமான பாம்பு அதில் பல நாள் தாங்கும். செய்ய வேண்டியது ஒன்றுதான்: இரை போடாதீர்கள். சூடான இடம் இல்லாமல் விழுங்கியது செரிக்காது. புயல் எச்சரிக்கை வந்ததும் அந்த வாரத்து எலியை நிறுத்திவிடுங்கள். ஏற்கெனவே இரை எடுத்திருந்தால், வெந்நீர் பாட்டிலைத் தடித்த துண்டில் சுற்றிச் சூடான முனையின் வெளியே வைத்து, ஆறியதும் மாற்றிக்கொண்டே இருங்கள். உள்ளே இருக்கும் பேட்டரி வெப்பமானியைப் பார்த்து 30இல் நிறுத்துங்கள். மின்சாரம் திரும்பியதும் முதல் ஒரு மணி நேரம் பெட்டி அருகிலேயே இருங்கள். சென்சார் டேப் ஈரத்தில் கழன்றிருக்கிறதா, தெர்மோஸ்டாட் பழைய எண்ணையே நினைவில் வைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தரை 32க்கு வந்து இரண்டு நாள் கழித்து, வழக்கத்தைவிடச் சின்ன எலியாக ஒன்று கொடுங்கள்.